ஆரிட்டப் பழகினது?

மன்னார்க் கரையின் அண்ணாவிமாரை நாம் எப்படிக் கௌரவிக்கப் போகிறோம்?

மன்னார்க் கரையில் ஓர் இளைஞன் கூத்து மேடையில் நின்று ஒரு விருத்தத்தைப் பிசகில்லாமல் பாடி முடித்தால், முன்வரிசையில் பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் வயதாளிகள் அவன் பெயரை உடனே விசாரிக்க மாட்டார்கள். "ஆரிட்டப் பழகினது?" என்றுதான் கேட்பார்கள். பதிலாக ஓர் அண்ணாவியாரின் பெயர் வரும். அந்தப் பெயரைக் கேட்ட பிறகுதான் தலை அசையும். பாடியவனின் திறமைக்குப் பின்னால் இன்னொருவரின் பல மாத உழைப்பும், அவருக்கும் முன்னால் வேறொருவரின் உழைப்பும் இருக்கிறது என்பதை அறிந்தவர்களின் கேள்வி அது.

இன்று கௌரவிப்பு விழாக்களுக்குக் குறைவில்லை. மாலை, பொன்னாடை, கண்ணாடிச் சட்டமிட்ட சான்றிதழ், குழுப்படம் எல்லாம் நடக்கின்றன. அந்தப் பழைய கேள்வியைக் கேட்கும் விழாதான் அரிதாகிவிட்டது. மேடையில் நிற்பவரை ஊர் பார்க்கிறது. அவரை மேடைக்குக் கொண்டுவந்தவர் ஓரத்தில், மத்தளத்துக்குப் பக்கத்தில், கையில் தாளத்தோடு நிற்கிறார். இந்தச் சிறப்புக் கட்டுரை அவரைப் பற்றியது.

மன்னாரிலிருந்து பூநகரிக்குப் போகும் ஏ-32 வீதியில், மாந்தை மேற்குப் பிரதேசத்தின் கரையில் இருக்கிறது விடத்தல்தீவு. ஒரு பக்கம் கண்டல் காடு. மறுபக்கம் ஆழமில்லாத கடல். நண்டும் இறாலும் மீனுமாகப் பிழைக்கும் ஊர். தெற்கே திருக்கேதீச்சரம், உள்நாட்டில் மடு. கத்தோலிக்கர், முஸ்லிம்கள், இந்துக்கள் என மூன்று சமூகங்களும் சேர்ந்து வளர்த்த கரை இது. 2016இல் இந்த ஊரைச் சூழ்ந்த கண்டலும் கடலுமாக 29,180 ஹெக்டேயர் பரப்பு இயற்கை ஒதுக்கிடமாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. கண்டல் மரத்துக்கும் கடற்புல்லுக்கும் காவல் தேவை என்று ஒரு நாடு உணர்ந்தது நல்ல காரியம். அதே கரையில் மனிதத் தொண்டையில் மட்டும் வாழ்ந்துகொண்டிருக்கும் மெட்டுகளுக்கு அப்படியொரு வர்த்தமானி வரவில்லை. அவற்றுக்குக் காவலாக இருப்பவர்கள் அண்ணாவிமார் மட்டுமே.

இந்தக் கரையில் பாட்டு எப்படி இத்தனை ஆழமாக வேர்விட்டது என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. 1544இல் மன்னாரில் கத்தோலிக்கம் தழுவியவர்கள் யாழ்ப்பாண அரசன் சங்கிலியின் படையால் கொல்லப்பட்டார்கள். 1560இல் போர்த்துக்கேயர் மன்னாரைப் பிடித்தார்கள். 1658இல் அது ஒல்லாந்தர் கைக்குப் போனது. அதன்பின் கத்தோலிக்க வழிபாடு தடைக்குள்ளானது. மாந்தையிலிருந்த மாதா சொரூபத்தை மக்கள் காட்டுக்குள் மருதமடுவுக்குக் கொண்டுபோனது 1670இல். கோவாவிலிருந்து யோசேவாஸ் அடிகளார் 1687இல் மாறுவேடத்தில் வந்து சேரும்வரை குருமார் இல்லாமலே ஒரு தலைமுறை வாழ்ந்தது. கோயில் மூடியிருந்த காலத்தில் செபத்தையும் புனிதர்களின் கதையையும் காத்தது மனப்பாடமும் பாட்டும்தான். பிறகு வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் எழுதிய வியாகுலப் பிரசங்கம் இன்றும் தவக்காலத்தில் ராகத்தோடு வாசிக்கப்படுகிறது. பாடத் தெரிந்தவரிடம் வேதம் இருந்தது. ஆகவே பாடக் கற்பித்தவருக்கு இங்கே எப்போதும் தனி மதிப்பு.

மாதோட்டத்து மெட்டு

மன்னார்க் கூத்தில் இரண்டு பாங்குகளைப் பெரியவர்கள் பிரித்துச் சொல்வார்கள். மாதோட்டப் பாங்கு என்பது தென்பாங்கு. யாழ்ப்பாணப் பாங்கு என்பது வடபாங்கு. நாடகம் என்று வழங்குவது நீண்டது, இரண்டு மூன்று இரவுகளுக்கு நீளக்கூடியது. வசனம் கலந்து ஓர் இரவுக்குள் முடிவது வாசகப்பா. ஊர்வழக்கில் வாசாப்பு. மட்டக்களப்புக் கூத்தில் ஆட்டம் மேலோங்கி நிற்கும். இங்கே பாட்டுத்தான் உயிர். ஞானசவுந்தரி நாடகத்தில் அவள் கைகள் வெட்டப்படும் காட்சியிலோ, மூவிராசாக்கள் நாடகத்தில் ராசாக்கள் விண்மீனைப் பார்த்து வழி கேட்கும் காட்சியிலோ சபையைக் கட்டிப்போடுவது உடலசைவு அல்ல, குரல்.

ஓர் அண்ணாவியாரின் வேலை என்ன என்பதை நகரத்து வாசகர்களுக்குச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். கூத்துப் பழக்குகிறவர் என்று சொல்லிவிட்டுப் போனால் அதில் பாதிகூட அடங்காது.

கூத்துப் போடுவதென்று ஊர் தீர்மானித்ததும் கூத்துக் கொப்பி அண்ணாவியாரிடம் வரும். பெரும்பாலும் அது அவர் வீட்டிலேயேதான் இருக்கும். ஏட்டிலிருந்து தாளுக்கு, பழைய தாளிலிருந்து புதிய கொப்பிக்கு என்று தலைமுறைதோறும் கையால் பெயர்த்தெழுதப்பட்டது. அதில் வரிகள் இருக்கும். மெட்டு இராது. விருத்தம், தரு என்று பாட்டின் வகை மேலே குறித்திருக்கும், சில இடத்தில் தாளத்தின் பெயரும் இருக்கலாம். அந்தத் தருவை எங்கே ஏற்ற வேண்டும், எந்த எழுத்தில் மூச்சு எடுக்க வேண்டும், அரசன் வரவுக்கும் சேவகன் வரவுக்கும் ஒரே தாளத்தில் நடை எப்படி மாறும் என்பதெல்லாம் அண்ணாவியாரின் நெஞ்சில் இருக்கும். கொப்பி தொலைந்தால் கதை போகும். அண்ணாவியார் போனால், கொப்பி பத்திரமாக இருந்தும், கூத்துப் போய்விடும்.

அடுத்தது பாத்திரம் பகிர்வது. இதுதான் மிகக் கடினமான கட்டம் என்பது கூத்துக்காரர் எல்லோருக்கும் தெரியும். ராசா வேடம் தன் மகனுக்கு வேண்டுமென்று ஒவ்வொரு வீடும் நினைக்கும். அண்ணாவியார் ஒவ்வொருவரையும் பாடவைத்துக் கேட்பார். குரல் தடித்ததா, நெடுநேரம் தாங்குமா, உச்சத்தில் உடையுமா என்று பார்ப்பார். ஆண்களே பெண் வேடமும் போட்ட காலத்தில், எந்த இளைஞனின் குரல் ராணிக்குப் பொருந்தும் என்பதைக் கண்டுபிடிப்பது தனிக்கலை. இன்று பெண்பிள்ளைகள் மேடையேறுகிறார்கள். அதற்கேற்பச் சுதியை மாற்றி அமைப்பதையும் அவர்தான் பார்க்க வேண்டும். குடும்பச் சண்டை, ஊர்ச் சண்டை, பழைய மனக்கசப்பு எதுவும் பழக்கத்துக்குள் வராமல் தடுப்பதும் அவர் பொறுப்பு. ஒரு மன்றத்தின் தலைவர் செய்யாத சமாதானத்தை ஓர் அண்ணாவியார் செய்திருக்கிறார் என்று சொல்லும் ஊர்கள் உண்டு.

பிறகு மாதக்கணக்கில் இரவுப் பழக்கம். பகலில் கடலுக்கும் வயலுக்கும் போய் வந்த களைப்போடு ஆட்கள் கூடுவார்கள். அண்ணாவியாரும் பகலில் அதே கடலுக்கோ வயலுக்கோ போய் வந்தவர்தான். எழுத்தறிவு குறைந்தவர்களும் நூற்றுக்கணக்கான வரிகளை ஏற்றுக்கொண்டது இந்த இரவுகளில்தான். அவர் ஒரு வரி பாடுவார், பழகுகிறவர் திருப்பிப் பாடுவார். பிழைத்தால் அவர் வாயால் விளக்க மாட்டார், அதே வரியை மறுபடியும் பாடுவார். சரியாகும்வரை பாடுவார். மேடையேறிய பிறகும் அவர் வேலை முடிவதில்லை. இரவு முழுவதும் மேடை ஓரத்தில் நின்று, வரி மறந்தவருக்கு அடியெடுத்துக் கொடுத்து, பிற்பாட்டுக்காரரை இழுத்துப் பிடித்து, மத்தளக்காரருக்குக் கண்ணால் சொல்லி, விடியும்வரை கூத்தைத் தூக்கி நிறுத்துகிறவர் அவர். வேடமில்லை, முடியில்லை, உடுப்பில்லை. அரங்கேற்றத்தன்று ஊர் அவரை அழைத்து மரியாதை செய்யும். வெற்றிலை பாக்கோடு ஒரு தொகை, ஒரு சால்வை. சின்ன மரியாதைதான். ஆனால் அவரிடம் பழகியவர்களும் அவர்களின் பெற்றோரும் முழு ஊரும் பார்த்திருக்கச் செய்த மரியாதை.

காதால் மட்டும் பிடிபடுவது

இந்த இடத்தில் வாசகரை வேறொரு வாத்தியத்திடம் அழைத்துப்போக வேண்டியிருக்கிறது. ட்ரொம்போனை நம்மவர்கள் பாடசாலையின் மேலைத்தேய வாத்தியக் குழுவிலும் பெருநாள் ஊர்வலத்து பாண்டிலும் கிரிக்கெட் பெரும்போட்டிகளில் பப்பரே முழக்கும் கூட்டத்திலும் கண்டிருப்பார்கள். ஒரு கை முன்னும் பின்னும் நீண்ட குழாயை இழுத்துக்கொண்டிருக்கும், அந்தப் பித்தளை வாத்தியம்தான். ட்ரம்பெட்டில் மூன்று வால்வுகள் உண்டு, அழுத்தினால் குழாயின் நீளம் திட்டமாக மாறும். ட்ரொம்போனின் இழுகுழாயில் ஏழு நிலைகள். எந்த நிலைக்கும் கோடு இல்லை, பொத்தான் இல்லை, தடை இல்லை. கை எங்கே நிற்க வேண்டும் என்று காதுதான் சொல்ல வேண்டும். அரை விரல் பிசகினால் சுரம் பிசகும். ஆகவே இந்த வாத்தியத்தைப் புத்தகத்திலிருந்து கற்பது மிகக் கடினம். பக்கத்தில் நின்று ஊதிக் காட்டும் ஒருவர் வேண்டும். கூத்து விருத்தத்துக்கும் இதே நிலைமைதான். இரண்டிலும் இடம் காட்டுவது காது, காதைப் பழக்குவது ஆசிரியர்.

இதை உணர்ந்ததாலோ என்னவோ, ட்ரொம்போன் உலகம் தன் ஆசிரியர்களைத் தனியாக நினைவுகூர்கிறது. 1972இல் தொடங்கிய சர்வதேச ட்ரொம்போன் சங்கம் சிறந்த வாசிப்பாளர்களைக் கௌரவிப்பதோடு நிற்கவில்லை. கற்பித்தலில் சிறந்தவர்களுக்கென்றே ஒரு விருதை வைத்திருக்கிறது. அந்த விருதுக்கு நீல் ஹம்ஃபெல்ட் என்ற ஓர் ஆசிரியரின் பெயர். வாசிப்பவருக்கு ஒரு மரியாதை, வாசிக்கக் கற்பித்தவருக்கு வேறொரு மரியாதை, இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பவில்லை. நம் விருதுப் பட்டியல்களில் நான் தேடுவது இந்தப் பிரிவைத்தான்.

அமெரிக்காவின் ரோச்செஸ்டர் நகரில் ஈஸ்ட்மன் இசைப் பள்ளி இருக்கிறது. அங்கே 1922 முதல் 1971இல் இறக்கும்வரை ட்ரொம்போன் கற்பித்தவர் எமரி ரெமிங்டன். ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் ஒரே பள்ளி, ஒரே வாத்தியம். அந்த நாட்டின் பெரிய வாத்தியக் குழுக்களில் அவருடைய மாணவர்கள் போய் அமர்ந்தார்கள். ஒவ்வொரு நாளும் வாசிப்பைத் தொடங்குமுன் அவர் செய்யச் சொன்ன சுவாச, சுரப் பயிற்சிகள் மாணவர்களின் வாயிலும் கையிலும் இருந்தன. அவர் மறைந்த பின், அவருடைய மாணவரும் பின்னாளில் புகழ்பெற்ற நடத்துனருமான டொனால்ட் ஹன்ஸ்பெர்கர் அவற்றைத் திரட்டி நூலாக்கினார். இன்று உலகின் பல மூலைகளில் ட்ரொம்போன் தொடும் பிள்ளை காலையில் முதலில் ஊதுவது பெரும்பாலும் ரெமிங்டனின் பயிற்சியாகவே இருக்கிறது. ஆசிரியருக்கு ஒரு மாணவன் செய்த கௌரவிப்பு இது. இதற்கு மேடை தேவைப்படவில்லை.

இன்னொரு கதை நமக்கு இன்னும் நெருக்கமானது. ஜமேக்காவின் கிங்ஸ்டன் நகரில் 1880இல் தொடங்கிய அல்ஃபா பாடசாலையைக் கத்தோலிக்கக் கன்னியாஸ்திரிகள் பல தலைமுறைகளாக நடத்தினார்கள். ஏழைப் பையன்களும் ஆதரவற்ற பையன்களும் தொழில் பழகிய இடம். அங்கே ஒரு பாண்ட் குழு இருந்தது. மேரி இக்னேஷியஸ் என்ற சகோதரி அந்தப் பிள்ளைகளின் இசையைப் பல பத்தாண்டுகள் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டார். டொன் ட்ரம்மண்ட் என்ற ட்ரொம்போன் கலைஞர் அங்கே உருவானவர். அவரிடமே அந்தப் பாடசாலையில் பழகியவர் ரிக்கோ ரொட்ரிகேஸ். ஜமேக்காவின் ஸ்கா இசையை உலகறியச் செய்த ஸ்காட்டலைட்ஸ் குழுவின் தொடக்கக் கலைஞர்களில் நால்வர் அல்ஃபாவில் படித்தவர்கள். ட்ரம்மண்ட் 1969இல் மனநல மருத்துவமனையில் இறந்தார். ரிக்கோவுக்கு 2007இல் பிரித்தானிய அரசின் விருது கிடைத்தது. ஒரு தீவு, ஒரு கத்தோலிக்கப் பாடசாலை, வறுமை, ஒரு பாண்ட். மன்னார்க் கரையில் இந்த நான்கும் இருக்கின்றன. கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொள்ளும் அந்தச் சகோதரியைப் போன்ற ஒருவர் எத்தனை பாடசாலைகளில் இருக்கிறார் என்பதுதான் கேள்வி.

பல்கலைக்கழகத்தில் ஓர் அண்ணாவியார்

நம் நாட்டில் அண்ணாவிமாரைக் கௌரவிப்பது எப்படி என்று செய்து காட்டியவர் பேராசிரியர் சு. வித்தியானந்தன். 1924இல் பிறந்து 1989இல் மறைந்த அவரை யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவே பலரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். கூத்துக்காரர்களின் நினைவில் அவர் வேறொருவர். இலங்கைக் கலைக்கழகத்தின் தமிழ் நாடகக் குழுவுக்குத் தலைமை தாங்கிய காலத்தில் அவர் மட்டக்களப்பு, மன்னார், முல்லைத்தீவு என்று கிராமங்களுக்குப் போனார். கூத்துகளை இருந்து பார்த்தார். அண்ணாவிமார் மாநாடுகளைக் கூட்டி அவர்களை மேடையில் இருத்தினார். படித்தவர்கள் கூத்தை நாகரிகமற்றதென்று ஒதுக்கிய காலம் அது. அந்தக் காலத்தில் ஒரு பேராசிரியர் ஒரு கடற்றொழிலாளியை, ஒரு கமக்காரனை, எல்லோரும் பார்க்க அண்ணாவியார் என்று அழைத்துக் கையெடுத்துக் கும்பிட்டது சாதாரண விஷயமல்ல.

அதைவிடப் பெரிய மரியாதையையும் அவர் செய்தார். பேராதனைப் பல்கலைக்கழக மாணவர்களைக் கொண்டு 1962இல் கர்ணன் போர் கூத்தை மேடையேற்றியபோது, பழக்குவதற்கு அவர் அழைத்தது வந்தாறுமூலை செல்லையா அண்ணாவியாரை. கிராமத்து ஆசிரியர் பல்கலைக்கழக மாணவர்களுக்குத் தாளக்கட்டுச் சொல்லிக் கொடுத்தார். அந்த மாணவர்களில் ஒருவர் சி. மௌனகுரு. பின்னாளில் பேராசிரியராகிக் கூத்தை அடுத்த தலைமுறைக்குக் கொண்டுபோனார். பொன்னாடை ஒருநாள் மரியாதை. மாணவர்களை முன்னால் உட்காரவைத்துக் கற்பிக்கச் சொல்வது, ஓர் ஆசிரியருக்கு வேறெந்த விருதும் தர முடியாத மரியாதை.

மன்னாருக்கு வித்தியானந்தன் செய்தது அச்சில் நிற்கிறது. எண்டிறீக்கு எம்பரதோர் நாடகம் 1964இலும் மூவிராசாக்கள் நாடகம் 1966இலும் ஞானசவுந்தரி நாடகம் 1967இலும் அவருடைய பதிப்பில் வெளிவந்தன. கையெழுத்துக் கொப்பிகளாக அண்ணாவிமார் வீட்டுப் பெட்டிகளில் கிடந்தவை அவை. ரெமிங்டனுக்கு ஹன்ஸ்பெர்கர் செய்ததைப் பெயர் தெரியாத பல அண்ணாவிமாருக்கு வித்தியானந்தன் முன்னரே செய்தார். ஆனால் அச்சேறியவை சிலவே. அச்சேறியவற்றிலும் வரிகள்தான் அச்சேறின. மெட்டு அச்சேறவில்லை.

அதன்பின் வந்த காலம் பெட்டிகளை விட்டுவைக்கவில்லை. 1990 ஒக்டோபரில் விடத்தல்தீவு முஸ்லிம்கள் வடமாகாணத்தின் மற்ற முஸ்லிம்களோடு சேர்த்து விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். பலர் புத்தளத்துக்குப் போனார்கள், இரண்டு தலைமுறை அங்கே வளர்ந்தது. 2008இல் போர் இந்தக் கரையில் வடக்கு நோக்கி நகர்ந்தபோது மிச்சமிருந்தவர்களும் ஊரைவிட்டு எழுந்தார்கள். அந்த ஆண்டு யூலை 16இல் இராணுவம் விடத்தல்தீவைப் பிடித்தது. மக்கள் வன்னிக்குள் இடம்பெயர்ந்து, 2009 மே வரை அலைந்து, செட்டிகுளம் முகாம்களில் இருந்து, பிறகு திரும்பி வந்தார்கள். இடம்பெயர்கிறவர் அரிசி எடுப்பார், பிள்ளையை எடுப்பார், அடையாள அட்டை எடுப்பார். கூத்துக் கொப்பியையும் எடுத்தவர்கள் இருந்திருப்பார்கள். அவர்கள் ஒவ்வொருவரும் பாராட்டுக்குரியவர். எடுக்க முடியாமல் போனவர்களை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் கரையோரத்தில் ஒரு பெட்டி எரிந்தபோதெல்லாம் ஒரு வாசாப்பு எரிந்திருக்கக்கூடும் என்ற எண்ணம் நெஞ்சை அறுக்கிறது. கொப்பி எரிந்தாலும் பாடத் தெரிந்தவர் உயிரோடிருந்தால் அதைத் திரும்ப எழுதலாம். ஆகவேதான் உயிரோடிருக்கும் அண்ணாவியார் ஒவ்வொருவரும் இன்று ஒரு நூலகத்துக்குச் சமம்.

காலம் கடந்து வருவது

இலங்கை அரசின் கலாபூஷணம் விருது அறுபது வயதைக் கடந்த கலைஞர்களுக்கு வழங்கப்படுகிறது. பிரதேச செயலகங்களின் கலாசார விழாக்களும் வயதானவர்களையே பெரிதும் அழைக்கின்றன. முதியவரை மதிப்பது நம் பண்பு, அதில் பிழையில்லை. பாட்டு ஆசிரியர் விஷயத்தில் மட்டும் இந்தக் கணக்கு இடறுகிறது. அறுபதில் பலருக்குக் குரல் தளர்ந்துவிடும். இரவிரவாக நின்று பழக்கும் தென்பு குறைந்துவிடும். நாற்பத்தைந்தில் அவருக்குப் பத்து மாணவர்களும் ஒரு சிறு மாத உதவியும் கிடைத்திருந்தால் அறுபதில் பத்துப் பேர் அவர் வழியைப் பாடிக்கொண்டிருப்பார்கள். அறுபதில் கிடைக்கும் சான்றிதழ் சுவரில் இருக்கும். அடுத்த கூத்துக்கு ஆள் இராது.

தாமதமான மரியாதைக்கு வடக்கில் ஒரு பெரிய உதாரணம் இருக்கிறது. யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தி 1933இல் பிறந்து 1975இல் மறைந்த தவில் மேதை. இலங்கையிலும் தமிழகத்திலும் நாதஸ்வர வித்துவான்கள் அவரைத் தேடி அழைத்தார்கள். நாற்பதுகளின் தொடக்கத்திலேயே அவர் போய்விட்டார். அம்ஷன்குமார் அவரைப் பற்றி எடுத்த ஆவணப்படத்துக்கு இந்தியாவின் தேசிய விருது கிடைத்தபோது அவர் மறைந்து நாற்பது ஆண்டுகளாகியிருந்தன. அந்தப் படம் வந்திராவிட்டால் இன்னும் மோசம், ஆகவே அதை எடுத்தவருக்கு நன்றி. ஆனால் அந்தக் கை தவிலில் ஓடிக்கொண்டிருந்தபோது ஒரு கமெரா முழுநாள் அவர் முன்னால் இருந்திருந்தால் இன்று தவில் பழகும் பிள்ளைக்கு எவ்வளவு கிடைத்திருக்கும்!

கமெரா இல்லை என்ற சாக்கு இன்று நமக்கு இல்லை. ஒவ்வொரு வீட்டிலும் ஓர் ஒலிப்பதிவுக் கருவி சட்டைப்பையில் கிடக்கிறது. கூத்து மேடையைப் படமெடுக்கிறோம், நல்லது. ஆனால் எடுக்க வேண்டியது மேடையை மட்டுமல்ல. பழக்கத்தை எடுக்க வேண்டும். ஒரு பையன் பிழையாகப் பாடுவதையும், அண்ணாவியார் அதே வரியை மறுபடி பாடிக் காட்டுவதையும், மூன்றாம் முறை அது சரியாவதையும் எடுக்க வேண்டும். கற்பிக்கும் முறை அங்கேதான் இருக்கிறது. அரங்கேற்றத்தில் அது மறைந்துவிடும். ஞானசவுந்தரி முழுவதையும் மாதோட்டப் பாங்கில் ஓர் அண்ணாவியார் தனியாக உட்கார்ந்து, மத்தளமும் தாளமும் மட்டும் துணையாக, ஒவ்வொரு தருவையும் பெயர் சொல்லிப் பாடிய ஒலிப்பதிவு ஒன்று இருந்தால் அடுத்த நூறு ஆண்டுக்கு அது போதும். 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகம் ஈழத்து நூல்களையும் ஆவணங்களையும் காத்துவருகிறது. கொப்பிகளை ஒளிநகல் எடுத்துச் சேர்க்க அங்கே இடமுண்டு. கனடாவிலும் இலண்டனிலும் இருக்கும் மன்னார் ஊர்ச் சங்கங்கள் ஆண்டுவிழாவுக்கு ஒரு பாடகரை அழைத்துச் செலவழிக்கும் தொகையில் ஒரு சிறு பங்கு போதும், ஓர் அண்ணாவியார் ஓராண்டு கவலையில்லாமல் பத்துப் பிள்ளைகளைப் பழக்க.

பாடசாலைகளையும் சொல்ல வேண்டும். மேலைத்தேய வாத்தியக் குழு அமைக்கக் கருவி வாங்கித் தருகிறவர்கள் இருக்கிறார்கள். ட்ரம்பெட், ட்ரொம்போன், ட்ரம் என்று பெட்டிகள் வந்து இறங்குகின்றன. விருந்தினரை வரவேற்க பாண்ட் முன்னால் போகிறது, பிள்ளைகளின் முகத்தில் பெருமை தெரிகிறது. அந்தப் பெருமை வேண்டும். கருவி வாங்கிக் கொடுத்தவரின் பெயர் பலகையில் ஏறுகிறது. அந்தக் கருவியை ஊதக் கற்றுக்கொடுக்க வாரந்தோறும் பேருந்தில் வந்துபோகும் ஆசிரியரின் பெயரும் அதே பலகையில், அதே அளவு எழுத்தில் ஏற வேண்டும். இழுகுழாயில் கோடு இல்லை என்று மேலே சொன்னேன். ஆசிரியர் போய்விட்டால் அந்த ட்ரொம்போன் அலுமாரியில் பித்தளைத் துண்டாகத்தான் கிடக்கும்.

அதே பாடசாலை மைதானத்தின் ஓரத்தில் அண்ணாவியாருக்கும் ஓர் இடம் கொடுக்கலாம். பாண்டில் ஊதும் பிள்ளைக்கு விருத்தமும் தெரிந்தால், அதன் காது இரண்டு மடங்கு கூர்மையாகும். மூச்சு எடுக்கும் இடம், சுரத்தில் நின்று நீட்டும் பலம், கூட இருப்பவரைக் கேட்டு வாசிக்கும் பக்குவம், மூன்றும் இரண்டுக்கும் பொது. அல்ஃபாவின் சகோதரிகளுக்கு இது தெரிந்திருந்தது. நம் அதிபர்களுக்கும் தெரியாமல் போகாது.

இனிக் கௌரவிப்பு விழா நடத்துகிறவர்களுக்கு. அழைப்பிதழில் கலைஞரின் பெயருக்குக் கீழே அவர் யாரிடம் பழகினார் என்று எழுதுங்கள். அவருடைய ஆசிரியர் இறந்துவிட்டிருந்தால் அந்தக் குடும்பத்தில் ஒருவரை மேடைக்கு அழையுங்கள். ஓர் அண்ணாவியாரைப் பாராட்டும்போது அவரைப் பற்றிப் பேச அரசியல்வாதியை விட்டுவிட்டு அவரிடம் பழகியவர்களை வரிசையாக நிறுத்திப் பாடச்சொல்லுங்கள், ஆளுக்கு ஒரு தரு போதும். பொன்னாடை போர்த்துகிற கையாலேயே அடுத்த ஆண்டுப் பழக்கத்துக்கு ஒரு தொகையையும் கொடுங்கள்.

விடத்தல்தீவு வாசகர்களுக்கும் இந்தக் கரையின் மற்ற ஊர்க்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த பெருநாளுக்குக் கூத்துப் போட்டால் நோட்டீசில் அண்ணாவியாரின் பெயரை முதல் வரியில் போடுங்கள். அதன் கீழே அவருடைய அண்ணாவியாரின் பெயர், அதன் கீழே அவருக்கும் முந்தியவர், தெரிந்தமட்டும் எழுதுங்கள். இரண்டு பெயருக்கு மேல் தெரியவில்லையென்றால் இப்போதே போய்க் கேளுங்கள். கேட்பதற்கு ஆள் இன்னும் இருக்கிறார்.